பொன்னாடைக்கு முன் ஒரு கொப்பி

யாழ்ப்பாணத் தீவக விளையாட்டுக் கழகங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள், வெளிநாடுகளில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களின் நிர்வாகிகள் அனைவருக்கும்,



2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேசத் துடுப்பாட்ட மைதானத்துக்கான வேலைகளை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். அங்குள்ள கண்டல் காட்டுக்கும் பறவைகளுக்கும் என்ன ஆகும் என்று சூழல் ஆர்வலர்கள் கேட்ட கேள்விகளுக்கு உரியவர்கள் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டும். அந்த விவாதம் அதற்குரிய இடத்தில் நடக்கட்டும். நான் உங்களிடம் கொண்டுவருவது வேறொரு கேள்வி. அந்த அரங்கு எழுந்து, அதன் வாசல்களுக்கும் பார்வையாளர் பகுதிகளுக்கும் சூட்டுவதற்குத் தீவகத்து விளையாட்டு வீரர் பத்துப் பேரின் பெயரை விவரத்தோடு எழுதித் தாருங்கள் என்று ஓர் அதிகாரி கேட்டால், கொடுக்க எங்களிடம் என்ன இருக்கிறது?

பெயர்கள் இருக்கின்றன. ஊர்காவற்றுறையில் கேட்டால் ஒரு பெயர் வரும். மெலிஞ்சிமுனையில் இன்னொன்று. நாரந்தனை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு என்று எந்த ஊருக்குப் போனாலும், அவரைப் போல ஒருத்தர் பிறகு வரவில்லை என்று பெரியவர்கள் சொல்லும் ஒருவர் இருக்கிறார். அவர் எந்த ஆண்டுகளில் விளையாடினார், எந்தக் கழகத்துக்கு, களத்தில் எந்த இடத்தில் நின்றார், எதிரணி எது, முடிவு என்ன என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காகிதத்தில் ஒரு வரி இருக்காது. அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்களும் இப்போது எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள்.

ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன்: எங்கள் உதைபந்தாட்டக்காரர்களையும் மற்ற விளையாட்டுகளுக்கு உழைத்தவர்களையும் மதிப்பதற்கான முதல் வேலை, அவர்களைப் பற்றி எழுதி வைப்பது. பொன்னாடையும் கேடயமும் அதற்குப் பிறகு வரட்டும்.

இது ஏன் இதுவரை நடக்கவில்லை என்பதற்கு உங்களில் யாரையும் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஆவணங்களுக்கு நேர்ந்தது உங்களுக்கும் தெரியும். 1981 ஜூன் முதல் நாளை ஒட்டிய அந்த இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் சுமார் 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது, ஈழநாடு நாளிதழின் பணிமனையும் எரிக்கப்பட்டது. ஊர்ப் போட்டிகளின் முடிவுகள் அச்சில் வந்த இடங்களில் அதுவும் ஒன்று. பிறகு 1990, 1991 ஆண்டுகளின் படை நடவடிக்கைகளில் தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது. குழந்தைகளையும் உடுப்பு மூட்டையையும் தூக்கிக்கொண்டு கடல் கடந்தவர்களால் சனசமூக நிலையத்து அலுமாரியைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கிண்ணங்களும், கூட்டக் குறிப்புப் புத்தகங்களும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிய அணிப் படங்களும் அங்கேயே கிடந்தன. திரும்பி வந்தவர்கள் கூரையில்லாத கட்டடங்களைத்தான் கண்டார்கள். திரும்பி வராதவர்கள் பாரிஸ், சூரிச், லண்டன், ரொறன்ரோ என்று சிதறினார்கள். அவர்களோடு போனது நினைவு மட்டும்.

எழுத்து எதைக் காப்பாற்றும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான துடுப்பாட்டப் போட்டி 1904இல் தொடங்கியது. இன்றைக்கு அதை வடக்கின் பெரும் போர் என்று நாடே அறியும். ஓட்டப் பதிவேடும் பாடசாலை மலர்களும் பழைய மாணவர் சங்கங்களும் இருந்ததால், யார் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்று அந்தப் பிள்ளைகள் தாத்தாவின் பெயரைத் தேடிப் பார்க்க முடிகிறது. அதே மத்திய கல்லூரியில் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக் போட்டிகளில் கலந்துகொண்டார். 1958இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் தாண்டித் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. அவர் தாண்டிய உயரம் சென்ரிமீற்றர் வரை பதிவாகியிருப்பதால், அதை எவராலும் குறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. எங்கள் தீவுகளின் பந்து காப்பாளர் ஒருவர் ஒரு மாலையில் தடுத்த தண்டனை உதைகள் எத்தனை என்பதோ கேட்பவரின் மனநிலைக்கு ஏற்ப மாறுகிறது. மிகைப்படுத்திச் சொல்வதால் அவருக்குப் பெருமை கூடுவதில்லை. கேட்கும் இளைஞன் நம்பாமல் சிரித்துவிட்டுப் போகிறான்.

கடலோடு சேர்ந்த விளையாட்டில் வடமராட்சியார் எங்களுக்கு நல்ல பாடம் காட்டியிருக்கிறார்கள். தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையை நீந்திக் கோடியக்கரையை அடைந்தார். வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே கடலைப் போய்த் திரும்பி இரு வழியாகவும் நீந்தினார். 1984 ஓகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிர் நீத்தார். அந்த ஊர்ச் சிறுவர்களுக்கு இன்றும் இந்தப் பெயர்கள் தெரியும், ஆண்டுகளும் தெரியும். ஊரார் எழுதினார்கள், மலர் போட்டார்கள், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கடலையே முற்றமாகக் கொண்ட எங்கள் தீவுகளில் நீந்தத் தெரிந்தவர்களுக்கும் துடுப்பு வலிக்கத் தெரிந்தவர்களுக்கும் எக்காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. கோயில் திருவிழாவை ஒட்டியும் ஆலயப் பெருநாளை ஒட்டியும் நடந்த படகோட்டப் போட்டிகளில் வென்றவர்கள் யார்? ஒரு தீவுக்காவது முழுப் பட்டியல் இருக்கிறதா?

மரியாதை செய்யத் தெரியாத சனங்கள் அல்ல நாங்கள். கரம்பொன்னில் பிறந்த தனிநாயகம் அடிகளாரை உலகத் தமிழர் எல்லோரும் அறியும்படி கொண்டாடுகிறோம். வேலணையின் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியின் பெயரைப் பாடசாலைக்கு இட்டோம். புங்குடுதீவின் மு. தளையசிங்கத்தைப் பற்றிக் கட்டுரைகளும் மலர்களும் வருகின்றன. கல்விக்கும் அரசியலுக்கும் இலக்கியத்துக்கும் செய்த இந்த நன்றியை விளையாட்டுக்கும் செய்வோம் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது நாங்கள் செய்வது என்ன என்பதையும் நேராகப் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் ஞாபகார்த்த வெற்றிக்கிண்ணப் போட்டிகள் நடத்துகிறோம். பெரும்பாலும் அந்தக் கிண்ணம் காசு தந்த குடும்பத்தின் பெற்றோர் பெயரில் இருக்கிறது. அந்தக் காசு இல்லாமல் போட்டி நடக்காது, அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். இறுதிப் போட்டி நாளில் பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் என்று மாலைகள் விழுகின்றன. அதே மைதானத்தில் இருபது வருடம் விளையாடிய ஒரு முதியவர் வேலியோரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவரை மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்பதை யாரும் வஞ்சகமாக மறக்கவில்லை. அவரை அறிந்தவர்கள் நிர்வாகத்தில் இல்லை, அறியச் செய்யும் குறிப்பும் கழகத்தில் இல்லை. அவ்வளவுதான் காரணம். அவர் இறந்த பிறகு கண்ணீர் அஞ்சலிப் பதாகையில் கழகத்தின் பெயர் முதலில் இருக்கும். அந்தப் பதாகையை அவர் வாசிக்க மாட்டார்.

மன்னாரிலிருந்து வந்து இலங்கைத் தேசிய அணிக்காக விளையாடிய டக்சன் பியூஸ்லஸ், மாலைதீவுக் கழகமொன்றில் விளையாடிக்கொண்டிருந்த காலத்தில், 2022 பெப்ரவரியில் அங்கேயே காலமானார். அவரைப் பற்றி வடக்கில் பலர் முதன்முதலாக வாசித்தது அந்த மரணச் செய்தியைத்தான். தேசிய அணியில் ஆடிய ஒருவருக்கே இந்த நிலை என்றால், மாவட்ட அணியோடும் ஊர்க் கழகத்தோடும் நின்றுபோன எங்கள் ஆட்டக்காரர்களை நினைத்துப் பாருங்கள். உயிரோடு இருக்கும்போதே சொல்லவேண்டிய நன்றியைத் தள்ளிப்போட எங்களுக்கு உரிமையில்லை.

பெயர்களைக் காத்த ஒரு கழகத்தின் கதையைச் சொல்கிறேன். 1911 ஜூலை 29ஆம் திகதி, கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதிப் போட்டியில் மோகன் பகான் கழகம் ஈஸ்ட் யோர்க்ஷயர் படையணியை 2–1 என்று வென்றது. வென்ற பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள். நூறு வருடத்துக்கு மேல் கழிந்தும் அந்தப் பதினொரு பெயர்களையும் வங்காளத்தில் சொல்லுவார்கள். அந்த நாளை ஆண்டுதோறும் கழகம் கொண்டாடுகிறது. 2001 முதல் அதே நாளில் மோகன் பகான் ரத்னா என்ற விருதைத் தன் பழைய வீரர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் கொடுத்து வருகிறது. எங்கள் பெரியவர்களும் கல்லும் மணலும் கலந்த தரையில் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். அவர்கள் ஆடிய போட்டி சின்னதாக இருக்கலாம். பட்ட பாடு சின்னதல்ல.

அந்தப் பாட்டை ஊர் வெளியார் அறியமாட்டார்கள், நீங்கள் அறிவீர்கள். நெடுந்தீவுப் பாடசாலை அணி ஒன்று யாழ்ப்பாணத்தில் ஒரு போட்டிக்குப் போக வேண்டுமென்றால் விடியற்காலையில் இறங்குதுறைக்கு வரவேண்டும். ஒரு மணி நேரக் கடல், குறிகாட்டுவானில் இறங்கினால் பஸ், பிறகு புங்குடுதீவையும் வேலணையையும் தாண்டிப் பண்ணை வழியாக நகரம். வயிறு குமட்டிய பிள்ளைகள், அன்றைக்குக் காலை உணவை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வந்த நகரத்து அணியோடு மோதுவார்கள். கடைசிப் படகைப் பிடிக்க வேண்டியிருப்பதால் பரிசளிப்புக்கு நிற்க முடியாது. சோளகம் அடிக்கும் மாதங்களில் படகே ஓடாத நாட்களும் உண்டு. அப்போது ஆடாமலே தோற்றதாக முடிவு எழுதப்படும். 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் போன பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் அதே கடலில் ஆசிரியர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆசிரியர்களின் பெயர்களை எழுதாமல் தீவகத்து விளையாட்டு வரலாற்றை யார் எழுத முடியும்?

ஆகவே யாரை மதிப்பது என்ற கேள்விக்கு என் பதில் அகலமானது. கோல் அடித்தவரை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவருக்குப் பின்னால் நின்றவர்களைத் தேடுங்கள். விசில் ஒன்றை மட்டும் நம்பி இரண்டு ஊர்ச் சனங்களுக்கு நடுவில் நின்ற மத்தியஸ்தர். பனங்காணியை வெளியாக்கி மைதானத்துக்கு விட்டுக்கொடுத்த குடும்பம். பந்து வாங்க மீன் விற்ற காசில் பங்கு போட்ட கடற்றொழிலாளர்கள். போட்டி முடியும் வரை வள்ளத்தைக் கட்டிக் காத்திருந்து அணியை இருட்டில் ஏற்றிவந்த ஓட்டி. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் பாதைப் படகில் அணிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தவர். பிள்ளைகளைத் தெருவிலிருந்து மைதானத்துக்கு இழுத்த பங்குத்தந்தையும் தலைமையாசிரியரும். கிளித்தட்டிலும் போர்த்தேங்காயிலும் சவாரித் திடலிலும் பெயர் எடுத்தவர்கள். இவர்கள் எல்லோரும் சேர்ந்துதான் விளையாட்டு.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புன்னாலைக்கட்டுவனைச் சேர்ந்த தர்ஜினி சிவலிங்கம் இலங்கை வலைப்பந்தாட்ட அணியோடு 2009, 2018, 2022 ஆண்டுகளில் ஆசியக் கிண்ணத்தை வென்றார். அவுஸ்திரேலியத் தொடரிலும் ஆடினார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் உதைபந்தாட்டத்தில் நாடறியப் பெயர் எடுத்திருக்கிறார்கள். 2023இல் முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற அம்மா எழுபத்திரண்டு வயதில் பிலிப்பைன்ஸ் போய் மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில் தங்கம் வென்று வந்தார். எங்கள் தீவுப் பாடசாலைகளிலும் வலைப்பந்தாட்டம் ஆடிய அக்காமார் எத்தனையோ பேர். கலியாணம் செய்து வேறு ஊருக்கோ வேறு நாட்டுக்கோ போய், பெயரின் பின்பாதி மாறிய பிறகு, அவர்களைத் தேடுவது ஆண்களைத் தேடுவதைவிடக் கடினம். கழகப் பட்டியலில் அவர்கள் எப்போதும் இருந்ததில்லை, ஏனென்றால் கழகம் ஆண்களுடையதாகவே இருந்தது. ஆகவே அந்தத் தேடலைப் பாடசாலைகளின் பழைய இல்ல மெய்வல்லுநர் போட்டிப் பதிவுகளில் இருந்து தொடங்குங்கள். அந்த வேலையைப் பெண்களிடமே ஒப்படையுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச் சங்கத்தாருக்கு: நீங்கள் மைதானத்துக்கு மதில் கட்டினீர்கள், மின்விளக்குப் போட்டீர்கள், சீருடை அனுப்பினீர்கள். இப்போது கேட்பது காசைவிடப் பெரியது. 1990க்கு முன்னர் எடுத்த படங்கள் ஊரில் அரிது. அவை உங்கள் வீடுகளில், கலியாண அல்பங்களுக்கு இடையில் இருக்கின்றன; அவற்றைத் தேடித் தாருங்கள். இந்தக் கதை உங்கள் பிள்ளைகளுக்கும் உரியது. அவர்களில் ஒருவரான, வேல்ஸில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த விமல் யோகநாதன் 2024இல் பார்ன்ஸ்லி கழகத்துக்காக இங்கிலாந்தின் தொழில்முறை உதைபந்தாட்டத்தில் இறங்கினார். ஐந்து இலட்சத்துச் சொச்சம் மக்களே கொண்ட கேப் வேர்டே என்ற தீவு நாடு, வெளிநாடுகளில் பிறந்த தன் பிள்ளைகளையும் தேடி எடுத்து அணி சேர்த்து, 2026 உலகக் கிண்ணத்துக்குத் தகுதி பெற்றது. தீவும் புலம்பெயர்ந்தவர்களும் ஒரே அணியாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஐரோப்பாவில் பந்து உதைக்கும் ஒரு புங்குடுதீவுப் பேரப்பிள்ளைக்குத் தன் தாத்தாவும் ஒரு ஆட்டக்காரர் என்று தெரியவேண்டும். அதைத் தெரியப்படுத்தும் காகிதம் எங்கே என்பதுதான் பிரச்சினை.

இனிச் செய்யவேண்டியவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு கழகமும் ஒரு தடித்த கொப்பி வாங்கட்டும். பொருத்தமான இருவரை, ஒருவர் ஐம்பது கடந்தவர், மற்றவர் பாடசாலையில் படிப்பவர், அதற்குப் பொறுப்பாக நியமியுங்கள். ஒரு ஆளுக்கு ஒரு பக்கம்: பெயர், ஊரில் அழைத்த பெயர், பிறந்த ஆண்டு, படித்த பாடசாலை, விளையாடிய கழகமும் ஆண்டுகளும், நின்ற இடம், கூட ஆடியவர்கள், மறக்க முடியாத ஒரு போட்டி. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இருவரும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். ஊகித்து எதையும் நிரப்ப வேண்டாம்.

இரண்டாவது, குரலைப் பதியுங்கள். கைத்தொலைபேசி எல்லோரிடமும் இருக்கிறது. எண்பது வயது அண்ணை ஒருவர் தன் இறுதிப் போட்டியைச் சொல்லும்போது அவர் குரலில் இருப்பது எந்த எழுத்திலும் வராது.

மூன்றாவது, பழைய படங்களில் நிற்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாக எழுதுங்கள். தெரியாத முகத்துக்குக் கேள்விக்குறி போடுங்கள், வேறொரு நாட்டில் இருக்கும் ஒருவருக்கு அது தெரிந்திருக்கும்.

நான்காவது, சேர்த்ததை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். ஒரே இடத்தில் வைத்ததை இழந்தவர்கள் நாங்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கு ஒரு பிரதி கொடுங்கள். பாடசாலை நூலகத்தில் ஒன்று, வெளிநாட்டு ஊர்ச் சங்கத்தில் ஒன்று இருக்கட்டும்.

ஐந்தாவது, ஆண்டுக்கு ஒரு நாள், எல்லாத் தீவுகளும் சேர்ந்து ஒரு கௌரவிப்பு. ஒரு ஆண்டு ஊர்காவற்றுறையில், அடுத்த ஆண்டு நெடுந்தீவில், பிறகு நயினாதீவில் என்று மாறி மாறி நடக்கட்டும். நகரத்தாரும் ஒருமுறை கடல் கடந்து வந்து பார்க்கட்டும். அன்றைக்கு மேடை பழைய ஆட்டக்காரருக்கு மட்டும். அரசியல்வாதிகளும் கொடையாளரும் முன்வரிசையில் இருந்து கைதட்டட்டும். சாதி, சமயம், கழகப் பகை பாராமல் தெரிவு நடக்கவேண்டும். தெரிவுக்குழுவில் ஊருக்கு ஒருவர், அவர்களில் சரிபாதி பெண்கள் என்று முதலிலேயே எழுதி வையுங்கள்.

ஆறாவது, மரியாதை என்பது மருந்துச் செலவும்தான். தமிழ்நாட்டில் நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்கு அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாத ஓய்வூதியம் வழங்குகிறது. எங்களுக்கு மாகாண சபையோ மத்திய அரசோ அப்படிச் செய்யும் வரை, முழங்கால் தேய்ந்து தனியே வாழும் பழைய பந்து காப்பாளர் ஒருவரின் கிளினிக் செலவைக் கழகமும் ஊர்ச் சங்கமும் பொறுப்பெடுக்கலாம். ஒரு கிண்ணத்துக்குச் செலவழிக்கும் தொகையில் இதைத் தொடங்க முடியும்.

மண்டைதீவு அரங்குக்கு எங்கள் கோரிக்கையை இந்தக் கொப்பிகளோடு கொண்டுபோவோம். யாழ்ப்பாணத்தின் வியாஸ்காந்த் விஜயகாந்த் 2024இல் ஐ.பி.எல். போட்டியில் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்காகப் பந்து வீசியதைப் பார்த்த பிள்ளைகள் அந்த அரங்கில் ஆடக் காத்திருக்கிறார்கள். அவர்கள் உள்ளே நுழையும் வாசலில் தங்கள் மண்ணின் ஆட்டக்காரர் ஒருவரின் பெயரை வாசிக்க வேண்டும் என்று கேட்பது நியாயமான கோரிக்கை. ஆதாரத்தோடு கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு தீர்மானமாகச் சேர்த்து, பொறுப்பான இருவரின் பெயரையும் அன்றைக்கே குறிப்புப் புத்தகத்தில் எழுதுங்கள். முதலாவது பக்கத்தை, ஊரில் உயிரோடு இருக்கும் மிக மூத்த ஆட்டக்காரரின் வீட்டுக்குப் போய் அவர் முன்னால் இருந்து எழுதுங்கள். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, பிழை இருந்தால் அவர் கையாலேயே திருத்தச் சொல்லுங்கள். அடுத்த வாரத்துக்கு விடவேண்டாம்.

அன்புடனும் மிகுந்த நம்பிக்கையுடனும்,
தீவக மண்ணின் மைந்தன் ஒருவன்